முயலுக்குப் பத்தியம்

என் கணவர் மலேசியாவில், கூலிம் நகரத்தில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். நாற்பத்து நான்கு பேர் உட்காரும் வண்டி. பெயின்ட் வாளி மூடி அளவு உள்ளங்கை அவருக்கு. அந்தக் கையால் இரண்டு கிலோ முயலுக்கு மருந்து புகட்டுவார் என்று கல்யாணத்தின்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

முயல் எங்கள் மகளுடையது. ஜொகூரில் படிக்கப் போகும்போது, ஒரு செமஸ்டருக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கூண்டை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். மூன்று செமஸ்டர் ஆகிவிட்டது. பெட்டை முயல். வயிற்றில் குட்டி இல்லாமலேயே இரண்டு தடவை தன் மார்பு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டியது. கூலிமில் நாங்கள் கேட்ட இடத்திலெல்லாம் பூனையும் நாயும்தான் பார்ப்போம் என்றார்கள். சுங்கை பட்டாணியில் ஒரு சீன டாக்டரம்மா முயல் பார்ப்பார் என்று தெரிந்து கொண்டுபோனோம். வயதாக ஆகப் பெட்டை முயலுக்குக் கருப்பையில் கெட்ட நோய் வரும், எடுத்துவிடுவதே நல்லது என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். ஆபரேஷனுக்கு முன்னால் பட்டினி போட வேண்டாம், வழக்கம்போலச் சாப்பிடட்டும் என்றும் சொன்னார். எனக்கு அப்போதே அந்த டாக்டர் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. வெறும் வயிறு இல்லாமல் எந்த ஊரில் ஆபரேஷன் செய்வார்கள்?

என் கணவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் சொன்னதை மட்டும் செய்கிற ஆள் இல்லை, சொல்லாததையும் யோசித்துச் செய்கிற ஆள். ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கிவந்து, மசித்த வாழைப்பழத்தைத் துளித்துளியாக ஒரு வாரம் அதில் ஊட்டிப் பழக்கினார். நாளைக்கு மருந்தோடு நீட்டும்போது பயந்து ஓடக்கூடாதாம். பின்னறையில் இருந்த மரத்தூள் தையலில் ஒட்டும் என்று அதை அள்ளி வெளியே கொட்டிவிட்டுப் பழைய துண்டுகளை விரித்தார். ஏறிக் குதிக்கிற பலகையைக் கழற்றினார். பிறகு தன் பஸ் டிரிப் ஷீட்டைப் போலவே ஒரு தாளில் கோடு போட்டு ஃபிரிஜில் ஒட்டினார். மணி, மருந்து, சாப்பாடு, புழுக்கை. நான் அதைப் பார்த்துவிட்டு, பிரசவ வார்டில்கூட இந்தக் கவனிப்பு எனக்குக் கிடைக்கவில்லையே என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபரேஷன் முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். முயல் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், புழுக்கை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் குடல் நின்றுவிடும். குடல் நின்றால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். அன்று மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இரண்டு கொத்தமல்லி இலையை மென்றது. அது போதும் என்று எங்களுக்கு நிம்மதி.

எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை; ஆனால் சனிக்கிழமை வேறு டிரைவர் வராததால் என் கணவர் விடியற்காலையிலேயே போக வேண்டியதாகிவிட்டது. மருந்தைப் புகட்டி, உலர்ந்த புல், கொத்தமல்லி, கங்கோங் கீரை எல்லாவற்றையும் அதன் வாய்க்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போனார். ஷீட்டை எழுதுவது மட்டும்தான் என் வேலை.

நான் எழுதுவதோடு நின்றிருக்க வேண்டும். நான் பள்ளி அலுவலகத்துக் கிராணி, எழுதுவது எனக்குப் பழக்கம். ஆனால் முடி மழித்த அந்த வயிற்றையும் தையலையும் பார்த்ததும் எனக்கு என் வயிறு ஞாபகம் வந்துவிட்டது. மகள் ஆபரேஷனில்தான் பிறந்தாள். மெர்போக் பக்கம் அம்மாவின் ரப்பர் தோட்டத்து வீட்டில் நாற்பத்து நான்கு நாள் பத்தியம். பூண்டு, நல்லெண்ணெய், கருவாடு, குழைந்த சோறு. பச்சையாக ஒன்றும் கூடாது. கங்கோங் என்றால் அம்மா காதைப் பொத்திக்கொள்வார். குளிர்ச்சி, காற்று, தையல் சீழ் வைக்கும். எனக்கோ கங்கோங் பிரட்டல் மேல்தான் ஆசை. பத்தாம் நாள் அழுதே விட்டேன். வாங்கி வருகிறேன் என்று போன இவர் வெறுங்கையோடு திரும்பிவந்து, பசாரில் முடிந்துவிட்டது என்றார். அந்த வெறுங்கையை நான் மறக்கவே இல்லை.

அப்படி அழுத நான்தான், இருபது வருஷம் கழித்து, முயலின் முன்னால் இருந்த கீரையை எடுத்து ஃபிரிஜுக்குள் வைத்தேன். பூண்டு தட்டிப் போட்டு இளஞ்சூடாகக் கஞ்சி வைத்து நீட்டினேன். நல்லவேளை, அது வாய் வைக்கவில்லை. பூண்டு முயலுக்கு விஷம் என்று பிறகுதான் தெரிந்தது.

எட்டு மணி, புழுக்கை இல்லை. பத்து மணி, இல்லை. பன்னிரண்டு, இல்லை. ஷீட்டை ஒழுங்காக எழுதினேன். முயல் முதுகை வளைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தது. புல்லைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பயம் வந்தது. ஆனாலும் கீரையைத் திரும்ப வைக்கத் தோன்றவில்லை.

அவர் இரண்டு மணிக்கு வந்தார். ஷீட்டைப் பார்த்தார், கஞ்சியைப் பார்த்தார், ஃபிரிஜைத் திறந்தார். நான் பத்தியத்தைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனத்தைக் கரைத்து ஊட்டுங்கள், வயிறு சூடாக இருக்கட்டும், கீரையை முன்னால் வையுங்கள், இருட்டுவதற்குள் புழுக்கை வரவில்லை என்றால் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் எனக்கும் பதில் இருந்தது. அவரோ யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, முயலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். சிரிஞ்சை முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் நுழைத்து ஒரு துளி விட்டார். அது மெல்லும்வரை காத்திருந்தார். இன்னொரு துளி. மறுபடியும் காத்திருந்தார். ஒரு வாரம் வாழைப்பழம் தின்ற பழக்கத்தில் முயல் முரண்டு பிடிக்கவில்லை. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி நான் கொண்டுவந்து கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. பஸ் ஓட்டும்போது ஜாலானில் ஹாரன் அடிக்கிறவனையெல்லாம் திட்டுகிற மனுஷனுக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த மதிப்பை மறைக்க விரும்பவில்லை. கல்யாணத்தன்றுகூட அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு மறுபடி ஊட்டினார். ஐந்தரைக்கு முயல் தானாகவே கழுத்தை நீட்டி ஒரு கங்கோங் இலையைக் கடித்தது. ஆறு மணிக்கு என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையை விரித்தார். நாலு புழுக்கை. சின்னதாக, கறுப்பாக.

"நாலு நம்பர் அடிச்சிருச்சு," என்றார், நாலு நம்பர் லாட்டரியில் பரிசு விழுந்தவர் போல.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. ஷீட்டில் நாலு என்று எழுதினேன். எழுதிக்கொண்டே, என்மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"உனக்கு ஆபரேஷன் ஆனப்ப பசார்ல கங்கோங் முடிஞ்சிருச்சுன்னு சொன்னேன்ல. முடியல. ரெண்டு கட்டு வாங்கிட்டு வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள உங்கம்மா உக்காந்திருந்தாங்க. பயந்துட்டு, பின்னால ரப்பர் காட்டுல வீசிட்டு வந்துட்டேன். நீ அழுதது இன்னும் கண்ணுல நிக்குது. உன்மேல எப்படிக் கோவப்படறது? உனக்குச் செய்யாதத இதுக்காச்சும் ஒழுங்கா செய்யலாம்னுதான்."

நான் இன்னொரு கங்கோங் இலையை எடுத்து முயலின் முன்னால் வைத்தேன். அது மெல்லத் தொடங்கியது.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது வீடெல்லாம் பிளாச்சான் இறால் விழுதின் வாசனை. பின்னறையில் முயலுக்கு ஒரு கட்டு கங்கோங் பச்சையாக இருந்தது. மேசையில் இன்னொரு கட்டு, மிளகாய் போட்டுப் பிரட்டி, தட்டில் போட்டு மூடி வைத்திருந்தார். ஷீட்டில் முயலின் வரிசைக்குக் கீழே எனக்கும் ஒரு வரிசைக்குக் கோடு போட்டு, சாப்பாடு என்ற கட்டத்தை நான் எழுதுவதற்குக் காலியாக விட்டிருந்தார்.

உப்பு கொஞ்சம் தூக்கல். ஒரு இலை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.