டப்பா மேடம்

நகரத்துக் குடிநீரில் ஈயம் ஆபத்தான அளவில் இல்லை என்று துறைத்தலைவர் கட்டுரை எழுதியிருந்தார். அதே தரவை விரிவுரையாளரான அவள் கணக்கிட்டபோது ஆபத்து என்றே வந்தது.

"உன் கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறும்மா" என்று அவர் சிரித்து ஒதுக்கினார்.

அவள் விடவில்லை. தரவு, நிரல், அது ஓடத் தேவையான மென்பொருள்கள் எல்லாவற்றையும் கண்டெய்னர் எனப்படும் ஒரே மென்பொருள் டப்பாவுக்குள் அடைத்தாள். எந்தக் கணினியில் திறந்தாலும் உள்ளே எதுவும் மாறாது. அதையே வகுப்புக்கு முதல் பயிற்சியாகக் கொடுத்தாள். மாணவர்களின் ஓட்டை லேப்டாப்புகளிலும் அவள் கணக்கிட்ட எண்தான் வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு 'டப்பா மேடம்' என்று பெயர்.

துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். "பாடத்துலருந்து அதை எடுத்துடு. எதுக்கு வீண் வம்பு?"

"எடுக்க மாட்டேன் சார். நீங்களே ஓட்டிப் பாருங்க. தப்பு எங்கேன்னு காட்டுங்க, மாத்திக்கிறேன்."

அவர் ஓட்டிப் பார்க்கவில்லை. ஆய்வுக் குழுவிலிருந்து அவளை நீக்கினார்.

"ஊரோட ஒத்துப் போயேன்டி" என்றாள் அக்கா.

"ஊரே அந்தத் தண்ணியைத்தான்க்கா குடிக்குது."

கண்டெய்னரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டு, கீழே தன் கைபேசி எண்ணையும் கொடுத்தாள். முதலில் அழைத்தவர் குடிநீர் வாரியப் பொறியாளர். அவர் கணினியிலும் ஈயத்தின் அதே ஆபத்தான அளவுதான் வந்ததாம்.