ஆறு பி வகுப்பின் மூச்சுப் பயிற்சி

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றே முக்கால் மணி, ஐம்பத்திரண்டு பிள்ளைகள், அதில் ஒருத்தி ஜெசிந்தா. 2000-ம் ஆண்டு, திண்டுக்கல்லில் ஒரு கிறிஸ்தவப் பெண்கள் பள்ளியில் என் மூச்சு வகுப்பு இதுதான். மதுரையில் நடந்த மூன்று நாள் பயிற்சிக்குப் போக வேறு யாரும் சம்மதிக்காததால், அறிவியல் டீச்சரான நான் போய் வந்தேன். கோபமோ பயமோ அழுகையோ வந்தால், மூச்சைக் கவனித்து அதைத் தணிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். இந்த வேலையில் முதல் சங்கடம், மூச்சு விட எல்லோருக்கும் முன்பே தெரியும் என்பது. மற்ற சங்கடங்களை, ஆறாம் வகுப்பைச் சமாளித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜெசிந்தா வடமதுரைக் கடைக்காரர் ஒருவரின் மகள். கோபம் வந்தால் ஜாமெட்ரி பாக்ஸால் அடிப்பாள். இரண்டு புகார் வந்தாகிவிட்டது. மூன்றாவது வந்தால் டிசி என்று தலைமையாசிரியை சிஸ்டர் சொல்லிவிட்டார். "அதுக்குள்ள உங்க மூச்சு வேல செய்யுதான்னு பாருங்க டீச்சர்."

காற்று வந்த திசை

முதல் வகுப்பில் ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்து, "மூக்கு வழியா நல்லா ஆழமா இழுங்க" என்றேன். அன்றைக்குக் காற்று, தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் பக்கமிருந்து வீசியது. ஊர்க்காரர்களுக்கு அந்த நாற்றம் பழகியதுதான். ஆனால் யாரும் அதை வேண்டுமென்று ஆழமாக இழுத்ததில்லை. இரண்டாவது இழுப்பில் எனக்கே கண்ணில் நீர் வந்தது. பின் பெஞ்சிலிருந்து, எரியோட்டிலிருந்து படிக்க வரும் செல்வராணி எழுந்து நின்றாள்.

"டீச்சர், இன்னிக்கு விடுறத மட்டும் பழகிக்கிறோம். இழுக்கிறத காத்து மாறுனதும் பாத்துக்கலாம்."

சத்தமில்லாத வகுப்பு

மூன்றாவது வாரம் ஒருவழியாக அடங்கினார்கள். ஐம்பத்திரண்டு பேரும் கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் பெருமையோடு நின்றது செத்த நேரம்தான். பக்கத்து வகுப்பிலிருந்து தமிழய்யா சாக்பீஸும் கையுமாக ஓடி வந்தார்.

"ஆறு பி-யில சத்தமே காணோமே டீச்சர், எந்தப் பிள்ளைக்கு மேலுக்கு முடியல?"

எழுபது வரை

மூச்சை இழுக்க வேண்டும், நாலு எண்ணும்வரை வைத்திருக்க வேண்டும், மெதுவாக விட வேண்டும். இதில் வைத்திருப்பது மட்டும்தான் பிள்ளைகளுக்குப் பிடித்தது. வகுப்பிலேயே போட்டி தொடங்கிவிட்டது. செல்வராணி எழுபது எண்ணும்வரை தாங்கினாள். ஜெசிந்தா அறுபத்தொன்பதில் விட்டுவிட்டு ஜாமெட்ரி பாக்ஸை ஓங்கினாள். நான் கையைப் பிடித்ததால் அடி விழவில்லை. ஆனால் வாசலில் சிஸ்டர் நின்றிருந்தார்.

"கோவத்த அடக்குற வகுப்புலயே அடிதடியா டீச்சர்? விழாத அடிய நான் சேக்கல. அடுத்ததச் சேப்பேன்."

மைதானத்தில்

அன்று சாயங்காலம் ஜெசிந்தா கபடி ஆடுவதைப் பார்த்தேன். ஒரே மூச்சில் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு எதிர்ப் பக்கம் போனாள். ஏழு பேர் சூழ்ந்துகொண்டு கேலி செய்தார்கள், ஒருத்தி பழிப்புக் காட்டினாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டால் மூச்சு போய்விடும், மூச்சு போனால் அவுட். மெதுவாக மூச்சு விடுவது எப்படி என்று மதுரையில் படம் போட்டு விளக்கியதை, இந்தப் பிள்ளை தினமும் சாயங்காலம் பாடிக்கொண்டே செய்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டேன். கோபம் வந்தால் பாக்ஸைக் கீழே வை, உட்கார்ந்த இடத்திலேயே வாய்க்குள் ஒரு மூச்சுப் பாடி முடி, அடிப்பதா வேண்டாமா என்று அப்புறம் யோசி என்றேன். கவனமாகக் கேட்டாள்.

"முடிச்சதுக்கப்புறமும் கோவம் இருந்தா, இன்னொருக்கா பாடலாமா டீச்சர்?"

மந்திரம்

நாலு வாரம் கழித்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஜெசிந்தாவின் கட்டுரை நோட்டில் மையைக் கொட்டினாள். அடி விழவில்லை. மை கொட்டியவள்தான் அழுதுகொண்டு சிஸ்டரிடம் ஓடினாள். "ஜெசிந்தா என்னையப் பாத்து மந்திரம் சொல்றா சிஸ்டர்." எங்கள் பள்ளியில் இது ஜாமெட்ரி பாக்ஸைவிடப் பெரிய குற்றம். அப்பாவுக்கு ஆள் போனது. மேஜைமேல் டிசி புத்தகம் வந்தது.

"அங்க சொன்னத இங்க சொல்லு" என்றார் சிஸ்டர். ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு, "கபடி கபடி கபடி" என்றாள். சிஸ்டர் என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "அடிச்சியா?" என்று அவளிடம் கேட்டார். "இல்ல சிஸ்டர். மூணு தரம் பாட வேண்டியிருந்துச்சு." சிஸ்டர் டிசி புத்தகத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். வந்து நின்றிருந்த அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்லயும் ஒரு மாசமா இப்படித்தான் முணுமுணுக்குறா சிஸ்டர். பிள்ள ஜெபமாலை சொல்றான்னு இவங்கம்மா தெரு பூராவும் சொல்லிட்டு வந்துட்டா. இப்பப் போயி நான் என்னன்னு சொல்றது?"

ஆக, என் வகுப்பால் ஒரு பிள்ளையின் கோபமும் ஒரு தாயின் பெருமையும் குறைந்தன. 2001 ஜூனில் அந்த வெள்ளிக்கிழமை நேரம் கணக்குப் பாடத்துக்குப் போனது, ஜெசிந்தா அதே பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் போனாள்.