கரண்டிக் காம்பில் ஒரு சிவப்பு நூல்

தையல்காரரின் மனைவிக்கு நாக்கு செத்துப்போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு பொல்லாத காய்ச்சல் வந்தது. போகும்போது ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு சர்க்கரையும் மண்ணும் அவளுக்கு ஒன்றுதான்.

இருபத்திரண்டு வருடமாக, குழம்பு கொதித்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, ஒரு நொடி கண்ணை மூடி, ஒரு கிள்ளு உப்புத் தூவி இறக்குகிறவள் அவள். இப்போது அந்த உள்ளங்கைக்கு வேலையில்லை. உப்புப் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் ஒருநாள் அடுப்பின் முன்னால் நின்று விம்மி விம்மி அழுதாள். பார்த்த தையல்காரருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

அன்றே ஓர் ஏற்பாடு செய்தார். "இங்க பாரு, உப்புப் போட்டதும் கரண்டிக் காம்புல இந்தச் சிவப்பு நூலைக் கட்டிடு. நூல் இருந்தா உப்பு இருக்கு. அவ்வளவுதான்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுடைய தம்பி சாப்பிட வருவதாக இருந்தது. லாரி ஓட்டுகிறவன், வாய்க்குப் பூட்டே கிடையாது.

"இன்னிக்கு அவன் முகம் சுளிச்சான்னா, இனிமே நான் கரண்டியைத் தொடமாட்டேங்க. கடைச் சாப்பாடே வாங்கிக்கலாம்" என்றாள் காலையில். சொன்னால் செய்கிறவள்.

பட்டையும் கிராம்பும் எண்ணெயில் பொரிந்தன. வெங்காயம் சிவந்தது. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் மசாலாவில் புரண்டு கொதிக்கத் தொடங்கின. அவள் உப்பைப் போட்டு, நூலைக் கட்டிவிட்டுக் குளிக்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்தா முன்னறைத் தையல்கடைக்குள் ஒருவர் ஓடிவர வேண்டும்! "மாஸ்டர், கோட்டுப் பட்டன் போச்சு. பத்து நிமிஷத்துல பஸ்!"

ரத்தச் சிவப்பில் கோட்டு. கடையில் சிவப்பு நூல் ஒரு முழம்கூட இல்லை. சமையலறைக்கு ஓடினார். அவிழ்த்தார். தைத்தார். அனுப்பிவைத்தார். அடுத்த சட்டையை எடுத்துத் தைக்க உட்கார்ந்தவர் நூலை அடியோடு மறந்துபோனார்.

குளித்துவிட்டு வந்தவள் கரண்டியைப் பார்த்தாள். 'நூல் இல்லையே! உப்புப் போட மறந்துட்டேனா? நல்லவேளை, பார்த்தேன்!' என்று இன்னொரு கரண்டி உப்பைப் போட்டாள்.

தம்பி ரொட்டியைக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தான். கண்கள் பிதுங்கின. மேசைக்கடியில் தையல்காரர் அவன் காலை ஓங்கி மிதித்தார்.

"பிரமாதம்க்கா!" என்றான், தொண்டை அடைக்க.

"உங்களுக்கு?"

"தேன் மாதிரி இருக்கு" என்றார் தையல்காரர், தண்ணீர்ச் சொம்பைத் தேடியபடி.

அவள் முகம் மலர்ந்தது. கடமைக்காக ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். பாதியில் நிறுத்தினாள்.

"ஐயய்யோ! உப்புக் கரிக்குது!"

"இல்லக்கா, சரியாத்தான் இருக்கு."

"என்னடா சரி? வாயில வைக்க முடியல!"

தையல்காரர் எழுந்து நின்றார். "உனக்கு... கரிக்குதா?"

அவள் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது. சமையலறைக்கு ஓடினாள். சர்க்கரையை அள்ளி வாயில் போட்டாள். மிளகைக் கடித்தாள். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி உறிஞ்சினாள். முகம் கோணியது, கண்ணீர் கொட்டியது, சிரிப்பு அடங்கவில்லை.

"புளிக்குதுங்க! நல்லா புளிக்குது!"

அவர் தோளில் சாய்ந்து அழுதவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமா, தேன் மாதிரின்னு சொன்னீங்களே? நாலு மாசமா இப்படித்தானா?"

"இல்லம்மா, சத்தியமா இன்னிக்கு மட்டும்தான்! நூலை நான்தான்..." என்று வெறும் கரண்டியைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்கா, இப்பவாவது நான் தண்ணி குடிக்கலாமா?" என்றான் தம்பி.

இன்னும் நான்கு உருளைக்கிழங்கும் இரண்டு சொம்புத் தண்ணீரும் சேர்ந்து குழம்பு மறுபடி கொதித்தது. அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கி, கண்ணை மூடினாள். ஆண்கள் இருவரும் தட்டோடு மூச்சைப் பிடித்து நின்றார்கள்.

"ம். இறக்கலாம்" என்றாள்.