நான்கு விரற்கடை மரியாதை

கொடைக்கானல் கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்த இப்ராம்சாவின் மனைவி ஆசியா, 1949 ஆகஸ்ட் முதல் 1961 ஜனவரி வரை, பதினோரு ஆண்டு ஐந்து மாத காலம், ஊர்ப் பெண்களைக் குறைத்தே அளந்துவந்தாள். இது ஒருவருக்கும் தெரியாது. அவள் கணவருக்கும் தெரியாது.

ஆசியா பழனிக்காரி. 1922-இல் பிறந்தவள். அடிவாரத்தில் சீப்பும் கண்ணாடியும் விற்றவரின் மகள். பதினெட்டு வயதில் கலியாணமாகி மலையேறினாள். எழுத்தும் எண்ணும் படிக்கவில்லை. இப்ராம்சா அந்நியப் பெண்களைத் தொட்டு அளக்கமாட்டார். டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தொடுவதில்தான் சேரும் என்பது அவர் கணக்கு. ஆகவே கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. திரைக்கு உள்ளே ஆசியா தடித்த வெள்ளை நூலால் அளப்பாள். நூலின் நுனியிலிருந்து முதல் முடிச்சு தோள், இரண்டாவது மார்பு, மூன்றாவது இடுப்பு, நான்காவது நீளம். முடிச்சுப் போட்ட நூல் திரைக்கு அடியில் வெளியே வரும். இப்ராம்சா அதை டேப்பின் மேல் நீட்டி வைத்து, அங்குலத்தைத் தம் அளவு நோட்டில் எழுதிக்கொள்வார்.

குறைத்து அளக்கும் பழக்கம் தற்செயலாகத்தான் வந்தது. 1949-இல் ஒரு பெண், மூன்றாவது முடிச்சு விழுந்த இடத்தைப் பார்த்து, "இம்புட்டா?" என்று கேட்டுக் கண் கலங்கிவிட்டாள். ஆசியாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இல்லக்கா, நூலு நழுவிருச்சு" என்று சொல்லி முடிச்சை அவிழ்த்து, இரண்டு விரற்கடை உள்ளே தள்ளிப் போட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனாள். அதன் பிறகு எல்லாருக்கும் இரண்டு விரற்கடை தள்ளினாள். கொஞ்சம் பெரிய உடம்பென்றால் மூன்று. பெரிய உடம்புக்குப் பெரிய மரியாதை என்பதுதான் அவள் எண்ணம். உள்ளதை உள்ளபடி அளந்தால் கண்ணேறு படும் என்றும் நினைத்தாள்.

இதனால் கடைக்கு நல்ல பெயர் வந்தது. ஆசியா கையால் அளந்தால் உடம்பு இளைக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சிலர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தைக்க ஒன்றும் இல்லாமலே, அளந்துகொண்டு போக வந்தார்கள்.

இப்ராம்சாவின் நிலை வேறு. தைத்துக் கொடுத்த ரவிக்கைகள் இறுக்கம் என்று திரும்பி வந்துகொண்டே இருந்தன. அவர் முதலில் துணியைச் சந்தேகப்பட்டார். மலைமூட்டத்தில் துணி சுருங்குகிறதென்று எல்லாத் துணியையும் ஓர் இரவு ஊறப்போட்டு வெட்டினார். பிறகு டேப்பைச் சந்தேகப்பட்டுப் புது டேப் வாங்கினார். 1955-இல் தம் கண்ணையே சந்தேகப்பட்டு, மதுரைக்கு இரண்டு தடவை போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டார். கடைசியாக, துணியில் சாக்குக்கட்டியால் போட்ட கோட்டுக்கு அரை அங்குலம் வெளியே கத்தரி போடும் வழக்கத்துக்கு வந்துசேர்ந்தார். இதையெல்லாம் அவர் ஆசியாவிடம் சொல்லாமலில்லை. அவளும் கேட்டுக்கொண்டாள். சோறு போடும்போது கண்ணுக்கு நல்லதென்று முருங்கைக்கீரை கூடுதலாக வைத்தாள்.

1961 ஜனவரி 4, புதன்கிழமை, ஆறு ஆண்டாக அங்கே ரவிக்கை தைத்துவந்த முருகம்மாள் கடைக்கு வந்தாள்.

முருகம்மாள் பூண்டிக்காரி. வயது நாற்பத்து நான்கு. மலைமேல் ஒரு பள்ளி விடுதியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆயாவாகப் பன்னிரண்டு ஆண்டாக வேலை பார்ப்பவள். மார்பும் இடுப்பும் தாராளமான உடம்பு. நடுவில் சற்றே ஒடுங்கும். முந்தின அக்டோபரில் மாடிப்படி இறங்கும்போது ஒரு பிள்ளை அவள் சேலைக் கொசுவத்தை மிதித்துவிட்டது. இடுப்பில் இன்னொரு பிள்ளையோடு ஆறு படி உருண்டாள். இடுப்பிலிருந்த பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. அது முருகம்மாளின் மேல் விழுந்தது.

மேட்ரன் அம்மா விசாரித்து ஒரு முடிவு சொன்னார். குளிர்கால விடுமுறை முடிந்து ஜனவரி 23-ஆம் தேதி விடுதி திறக்கும்போது, முருகம்மாள் தரையில் புரளாத கவுன் போட்டு வரவேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் பகுதியில் வேலை இல்லை. கிழங்கு உரிக்கும் கொட்டகைக்குப் போகவேண்டும். சம்பளம் அதேதான். ஆனால் கொட்டகையில் பிள்ளைகள் கிடையாது.

"பாய், எனக்கு வெள்ளைக்காரி மாதிரி ஒண்ணும் வேணாங்க" என்றாள் முருகம்மாள். "குனியணும், நிமிரணும், தரையில உக்காரணும், ரெண்டு பிள்ளைய ரெண்டு இடுப்புல தூக்கணும். மூச்சும் விடணும். அம்புட்டுத்தான்."

"அளவு கொடுத்துட்டுப் போங்கம்மா. தச்சிரலாம்" என்றார் இப்ராம்சா.

திரைக்குள்ளே ஆசியா அவளை நிற்க வைத்து அளந்தாள். முருகம்மாள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆசியா அதுவரை யாருக்கும் காட்டாத மரியாதையாக நான்கு விரற்கடை உள்ளே தள்ளினாள்.

"பாயம்மா, போன தடவைக்கு இப்ப எப்பிடி?"

"குறைஞ்சுதான் இருக்குக்கா."

"நான் சொல்லல? சமையக்கட்டுல ஒருத்தியும் நம்பமாட்டேங்கிறா."

9-ஆம் தேதி கவுன் தயாரானது. நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட சீட்டித்துணி. முருகம்மாள் திரைக்குள் போட்டுக்கொண்டு கடைக்கு வெளியே வந்து நின்றாள். நின்றவரை கவுன் அழகாகத்தான் இருந்தது. கீழே வைத்த கூடையை எடுக்கக் குனிந்தாள். இடது அக்குளிலிருந்து இடுப்புவரை, ஒரே சத்தத்தில், தையல் விட்டுப்போயிற்று.

எதிரே டீக்கடை ஞானவேல் தலையை நீட்டினார். "என்ன பாய், பொங்கலுக்கு வேட்டு வாங்கி வச்சிருக்கீங்களா?"

"உன் சோலியப் பாருய்யா" என்றாள் முருகம்மாள், கூடையால் பக்கத்தை மறைத்துக்கொண்டு.

இப்ராம்சா நூல் மட்டம் என்றார். இரட்டை நூல் கோத்து, இரண்டு ஓட்டம் தைத்தார். 12-ஆம் தேதி முருகம்மாள் மறுபடி போட்டுக்கொண்டு குனிந்தாள். இந்தத் தடவை தையல் நின்றது. துணி கிழிந்தது.

முருகம்மாள் கிழிசலைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "கொட்டகையில கிழங்கு அழாதுங்க" என்றாள். "சேலைய மிதிக்கவும் மிதிக்காது." சேலையை மாற்றிக்கொண்டு, கவுனைத் திண்டில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து வந்த இப்ராம்சா சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஆசியா, என் கை போயிருச்சு. நூலு நல்ல நூலு, துணி நல்ல துணி. வெட்டுறவன்தான் சரியில்ல. இனிமே பொம்பளத் துணி தொடமாட்டேன். அந்தம்மாகிட்டச் சொல்லிரு. துணிக் காசு நான் குடுத்துர்றேன். வேற ஆள வெரசாப் பாக்கச் சொல்லு."

ஊரில் பெண்களுக்குக் கவுன் வெட்டத் தெரிந்த இன்னொருவர் பொங்கலுக்கு மலையிறங்கிவிட்டார். மாதக் கடைசியில்தான் வருவார். இது இருவருக்கும் தெரியும்.

ஆசியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கை போகலங்க. முடிச்சுதான் பொய்யி."

"என்ன முடிச்சு?"

அவள் சொன்னாள். 1949-இல் கண் கலங்கிய பெண்ணில் தொடங்கி முருகம்மாளின் நான்கு விரற்கடை வரை, ஒன்றும் விடாமல் சொன்னாள். இப்ராம்சா முழுவதையும் கேட்டார். சோறு ஆறியது. மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நான் இத வாங்கினப்பக் கூடவா?"

"ஆமாங்க."

"மருதைக்கு ரெண்டு தடவ போயிட்டு வந்தேனே."

"நீங்க கண்ணு மங்குதுன்னீங்க. சரி, மங்குதாக்கும்னு இருந்துட்டேன்."

"கீரை?"

"கீரை நல்லதுதானேங்க."

இப்ராம்சா கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தார். கை கழுவியபின், "பத்து நாள்தான் கெடக்கு. வேற துணி நம்ம கடையிலயே எடுத்துக்கலாம். நீ போயி அந்தம்மாகிட்டச் சொல்லிட்டு, சரியா அளந்துட்டு வா" என்றார். வாசல்வரை போனவளைக் கூப்பிட்டு, "இன்னிக்கு வேணாம். நாளைக்குப் பொங்கலு. சாப்பிட்டு எந்திரிச்சதும் அள. நின்னு ஒருக்கா, சம்மணம் போட்டு ஒருக்கா. கையத் தூக்கச் சொல்லி, குனியச் சொல்லி, அதுவும் ஒருக்கா. மூச்சப் பிடிக்க விடாத" என்றார். பதினோரு ஆண்டில் அளவெடுப்பது பற்றி அவர் அவளுக்குச் சொன்ன முதல் யோசனை இது. அதற்கு முன் அவசியம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

14-ஆம் தேதி மதியம் ஆசியா விடுதிக்குப் பின்னால் இருந்த முருகம்மாளின் அறைக்குப் போனாள். முருகம்மாள் அவளுக்கும் ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். தானும் தாராளமாகச் சாப்பிட்டாள். பிறகு ஆசியா அவளைச் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லி இடுப்பைச் சுற்றி நூலை ஓட்டினாள். முருகம்மாள் நூலைக் குனிந்து பார்த்தாள்.

"ஏன் பாயம்மா, போன வாரம் நூலு இம்புட்டுத் தூரம் வரலையே?"

"போன வாரம் நான் பொய்யா முடிஞ்சேன்க்கா."

"பொய்யாவா?"

"முகம் வாடிரக்கூடாதேன்னு. எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"எனக்கு எம்புட்டு?"

"நாலு விரக்கடை."

முருகம்மாள் நான்கு விரலைச் சேர்த்து வைத்து அதன் அகலத்தைப் பார்த்தாள்.

"அப்ப நான் இளைக்கலையா?"

"இல்லக்கா."

"ஆறு வருசமா?"

"ஆமாக்கா."

"அடிப்பாவி, சமையக்கட்டு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேனே! ராத்திரிச் சோத்தக் கூட்டிக்கிட்டேனே, இளைச்சுட்டோம்னு!"

நூலைப் பிடுங்கிக் கட்டில்மேல் போட்டாள். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். விடுதியின் மாடிப்படி அங்கிருந்து தெரியும். விடுமுறையில் அதில் யாரும் இல்லை. அவள் வெகுநேரம் நிற்கவில்லை. திரும்பி வந்து நூலை எடுத்து ஆசியாவின் கையில் கொடுத்தாள்.

"அள. உள்ளத அள. ஆனா வாயால சொல்லாத. பாயி நோட்டுலயும் எழுதக்கூடாது."

ஆசியா எட்டு முடிச்சுப் போட்டாள். நின்றது, உட்கார்ந்தது, குனிந்தது, கையைத் தூக்கியது. அறையில் பிள்ளை யாரும் இல்லாததால் ஒரு தலையணையை இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லி அதற்கும் ஒரு முடிச்சு. ஆக ஒன்பது.

அந்த நூலை இப்ராம்சா டேப்பின் மேல் வைக்கவே இல்லை. நூலையே துணிமேல் நீட்டி, முடிச்சுக்கு முடிச்சு சாக்குக் கோடு போட்டார். இடுப்பில் வெட்டி ஒட்டுகிற வேலையை விட்டுவிட்டார். தோளுக்குக் கீழே ஒரு கை அகலத்துக்குத் தட்டையான பட்டி. அதற்குக் கீழே துணி சுருக்கு வைத்துத் தளர்வாக இறங்கியது. மார்புக்கு நேராகப் பக்கத்துக்கு ஒரு சிறிய மடிப்புத் தையல். அக்குளில் கையகலச் சதுரத் துண்டு, கையைத் தூக்கினால் கவுன் கூடவே ஏறாதபடி. பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஒன்றரை அங்குலம் நீளம். பெருத்த இடுப்பு பின்னால் துணியை வாங்கிக்கொள்ளும், போட்டுக்கொண்டால் சமமாகத் தெரியும். கீழ்விளிம்பு கணுக்காலுக்கு நான்கு அங்குலம் மேலே. பக்கத்துக்கு ஒரு பை. உள்ளே மெல்லிய ஃபிளானல், தை மாதக் குளிருக்கு. சாக்குக் கோட்டின் மேலேயே கத்தரி போட்டார். அரை அங்குலம் வெளியே போகவில்லை.

23-ஆம் தேதி திங்கட்கிழமை வெள்ளனே முருகம்மாள் கவுனோடு விடுதிப் படிக்கட்டின் கீழே நின்றாள். ஆசியாவும் வந்து, மரியாதையாகத் தள்ளி நின்றாள். மேட்ரன் அம்மா, வந்திருந்த பிள்ளைகளில் கனமான இரண்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். முருகம்மாள் தரையில் உட்கார்ந்து, இரண்டையும் இடுப்பில் ஏற்றி, எழுந்து, பத்தொன்பது படி ஏறினாள். இறங்கினாள். நடுவில் ஒரு பிள்ளையின் பூட்ஸ் கழன்று விழுந்தது. அதையும் குனிந்து எடுத்தாள். எங்கும் எந்தச் சத்தமும் வரவில்லை.

மேட்ரன் அம்மா அவளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ரெண்டு பாக்கெட் எதுக்கு?"

"ஒண்ணு பிள்ளைக மூக்குத் துடைக்கிற துணிக்குங்கம்மா."

"இன்னொண்ணு?"

"எனக்குங்கம்மா."

"சரி, மேல போ. மூணாவது கட்டில்காரன் அழறான்" என்றார் மேட்ரன் அம்மா.

முருகம்மாள் மேலே போனாள்.

உண்மையாக அளக்கத் தொடங்கியபின் ஆசியாவிடம் வருகிற பெண்கள் குறைந்தார்கள். கைராசி போய்விட்டது என்றார்கள். அந்த ஆண்டு ரவிக்கை வேலை பாதியாயிற்று. கவுன் மட்டும் ஒன்பது வந்தது. அதில் ஒன்று மேட்ரன் அம்மாவுடையது. தைத்துக் கொடுத்த எதுவும் இறுக்கம் என்று திரும்பி வரவில்லை. இப்ராம்சா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்; அதற்குள் அது உண்மையிலேயே தேவைப்பட்டது.

அதே ஆண்டு பிப்ரவரியில் ஒரு நாள் திரைக்கு அடியில் ஒரு நூல் வெளியே வந்தது. அன்று உள்ளே அளக்க யாரும் வந்திருக்கவில்லை. இப்ராம்சா நூலை எடுத்து, ஒன்பது முடிச்சையும் விரலால் தடவி எண்ணினார். ஆசியாவும் ஒல்லியான உடம்பல்ல. பதினோரு ஆண்டும் தன் ரவிக்கைக்கும் இரண்டு விரற்கடை மரியாதை செய்துதான் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் திரையைப் பார்த்து, "கவுனா, வீட்டுக்குள்ள போட்டுக்கிறதுக்கா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"பை?"

"ரெண்டும் எனக்குத்தான்."

அளவு நோட்டில் முருகம்மாள், ஆசியா என்ற இரண்டு பெயர்களுக்கு நேரே மட்டும் அங்குலம் இல்லை. 'ஆணியில் உள்ள நூலைப் பார்க்க' என்று எழுதியிருக்கிறது. 1964 மார்ச்சில் முருகம்மாளுக்கு, அதே விடுதியில் அதே பிள்ளைகள் பகுதி வேலைக்கு, மூன்றாவது கவுன் தைத்தபோது அவளுடைய நூலில் ஒரு முடிச்சை ஒரு விரற்கடை நகர்த்த வேண்டியிருந்தது. அதையும் இப்ராம்சா தேதியோடு குறித்திருக்கிறார். எந்தப் பக்கம் நகர்த்தியது என்பதைக் குறிக்கவில்லை.