தபாலாபீசின் பின்பக்கம்

சிரம்பான் தபாலாபீசை இன்று ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். வளைவைப் பார், கூரையின் உயரத்தைப் பார், முழ அகலச் சுவரைப் பார் என்று. எனக்கு அந்தச் சுவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அதற்குச் செங்கல் சுமந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். கட்டி முடித்த பிறகு அவர் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. போகும் வேலையும் இருந்ததில்லை. கோலா சாவாப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் வெள்ளைக்காரத் துரையின் ஆபீசுக்குத்தான் வரும். ஆபீசின் பின்பக்கம், தாழ்வாரத்துக்குக் கீழே நிற்போம். ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி பெயரைக் கூப்பிட்டதும் கை நீட்டி வாங்கிக்கொள்வோம். முன்படியில் கால் வைத்தால் அன்று வசவுதான்.

சண்டையில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்ததும் துரை ஓடிப்போனார். கிராணியும் எங்கேயோ போய்விட்டார். தாலிக் கயிற்றில் மஞ்சள்கூட மங்கவில்லை, என் வீட்டுக்காரரைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெகுநாள் கழித்து அங்கிருந்து தப்பி வந்த ஒருவர், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே சொன்னார்: "ஒம் புருசன் ஆளப் பிடிச்சுக் கார்டு எழுதிப் போட்டாரும்மா. சிரம்பானுக்கு வந்திருக்கும், போய்ப் பாரு."

உயிரோடுதான் இருக்கிறாரா, எந்த முகாமில் இருக்கிறார், எதுவும் எங்களுக்குத் தெரியாது. அந்தக் கார்டு கிடைத்தால்தான் உண்டு.

நானும் அவருடைய அம்மாவும் நடந்தே போனோம். அவரை நான் அத்தை என்பேன். தபாலாபீஸ் வாசல் வளைவுக்கு மேலிருந்த வெள்ளைக்காரன் கிரீடச் சின்னத்தைப் பலகை அடித்து மறைத்திருந்தார்கள். படியில் துப்பாக்கியோடு ஒருவன் நின்றான். அத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பின்னால வா" என்றார். பின்னாலும் தாழ்வாரம், பருத்த தூண்கள், தலைக்கு மேலே பச்சை ஜன்னல்கள். தோட்டத்து ஆபீஸ் மாதிரியே இருந்தது. பெயர் கூப்பிடட்டும் என்று கீழே நின்றோம்.

யாரும் கூப்பிடவில்லை. உள்ளே முத்திரை குத்தும் சத்தம் மட்டும் கேட்டது. சாயங்காலம் திரும்பினோம். பிறகும் போனோம், பிறகும். "இன்னிக்கு நம்ம தோட்டத்து மொற இல்ல போல" என்பார் அத்தை. துரை ஆபீசில் ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசைக்கும் ஒரு நாள் உண்டு. அதனால் நானும் நம்பினேன்.

ஒரு நாள் நல்ல மழை. விட்டதும், ஆபீஸ் கூட்டுகிறவர் கூடை கூடையாகக் காகிதம் கொண்டுவந்து தாழ்வாரத்தோரம் கொட்டிக் கொளுத்தினார். நனைந்து விறைத்துப்போயிருந்த அத்தை நெருப்பருகே போய் முந்தானையைக் காட்டி உலர்த்தினார். "நல்லாருப்ப தம்பி" என்றார்.

அந்த ஆள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். "எப்பப் பாத்தாலும் இங்க என்னா நிக்கிறீங்க? இங்க யாரும் கூப்பிட மாட்டாங்க. முன்னுக்குப் போய்க் கேட்டாத்தான்லா குடுப்பாங்க."

ஓடினோம். துப்பாக்கிக்காரனுக்கு இடுப்பு வளையக் குனிந்துவிட்டு உள்ளே போனோம். கூரை எங்கேயோ உயரத்தில் இருந்தது, என் குரல் எனக்கே கேட்கவில்லை. பித்தளைக் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு தமிழ்க் கிராணி இருந்தார். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் எழுந்து போய்த் தேடினார். வெறுங்கையோடு வந்தார்.

"சயாம் கார்டு கொஞ்சம் வந்துச்சும்மா. ஒங்க தோட்டத்துக்கும் ஒன்னு பாத்த ஞாபகம். கேக்க ஆள் வரல. ஆள் வராததயெல்லாம் எரிக்கச் சொல்லி மேலருந்து உத்தரவு. இப்பத்தான் பின்னால கொண்டு போனாங்க."

"நாங்க பின்னாலதானேய்யா நின்னோம்" என்றார் அத்தை.

அவர் முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் பின்பக்கம் ஓடிக் குச்சியால் கிளறினேன். ஈரச் சாம்பல்தான் இருந்தது. யாரை வைவது? துரையையா, ஜப்பான்காரனையா, அந்தக் கூட்டுகிறவரையா?

என் வீட்டுக்காரர் திரும்பவே இல்லை. கார்டு எரிந்த மறுநாள் அத்தையின் சேலையைத் துவைக்க எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். புகை வாடை தானாகப் போகும்வரை அதை அவர் தண்ணீரில் நனைக்க விடவில்லை.