நாற்பத்தேழாம் எண்ணும் ஹட்டன் பனியும்

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு வேலை இருக்கிறது. கால்களை அகற்றிக் குனிந்து நிற்க வேண்டும். பந்தை அந்தக் கால்களுக்கு நடுவால் பின்னோக்கி எறிய வேண்டும். பதினைந்து கஜம் பின்னால் நிற்கும் உதைப்பவர் அதைப் பிடித்து உதைத்துவிடுவார். வேலை முடிந்தது. உதைக்க வேண்டிய வேளைகளில் மட்டும் மைதானத்தில் இறங்கும் அந்தக் கூட்டத்துக்கு ஸ்பெஷல் டீம் என்று பெயர். ஓர் ஆட்டத்துக்கு எட்டுத் தடவை, மிஞ்சினால் பத்து. மற்ற நேரமெல்லாம் தலைக்கவசத்தைக் கையில் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்கலாம்.

இதெல்லாம் இலங்கை மலையகத்துக் கொட்டகலைக்காரனான எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஹட்டன் பஜாரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் பத்துக் கணினிகள் இருந்தன. அமெரிக்காவில் ஆடப்படும் ஆட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி இங்கே அனுப்புவார்கள். யார் உதைத்தார், யார் விழுந்தார், பிழை யாருடையது, வானிலை எப்படி என்று ஒவ்வொரு துண்டுக்கும் நாங்கள் கட்டங்களை நிரப்ப வேண்டும். எங்களுக்கும் அந்த ஆட்டத்துக்கும் இருந்த உறவு, எங்கள் தேயிலைக்கும் அதைக் குடிக்கிறவர்களுக்கும் உள்ள உறவுதான். பார்த்ததில்லை, ஆனால் தரம் பிரிப்போம்.

நான் எழுதும் வசன கவிதைகளைப் பத்திரிகைகள், விளம்பரம் வராத வாரங்களில் பக்கத்தின் அடியில் போடுவதுண்டு. இடம் நிரப்ப மட்டும் இறங்குகிறவர்கள் மீது எனக்கொரு பாசம் வந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

படிவத்தில் பெயருக்கு இடமில்லை, எண்ணுக்கு மட்டும்தான். அப்படிக் குனிந்து எறிகிறவர்களில் ஒருவர் நாற்பத்தேழு. குனிவதற்கு முன் வலது உள்ளங்கையை இடது காலுறையில் மூன்று தடவை துடைப்பார். பந்து கோடு கிழித்தாற்போல் போகும். நேராகப் போனால் அவரை ஒருவரும் கவனிக்கமாட்டார்கள், கேமரா உதைப்பவரிடம் ஓடிவிடும். பழைய துண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒன்பது வருஷமாக அவர் கவனிக்கப்படாமல் இருந்தார். அதுதான் அவர் திறமை.

கொழுந்து பறித்துவிட்டு வந்த மனைவியிடம் ஒரு நாள் இதைச் சொன்னேன்.

"எட்டுத் தடவை குனியிறதுக்கு முழுப்பேரா?" என்றாள். எங்கள் தோட்டங்களில் கொழுந்து நிறை சரியாக வந்தால் அன்றைக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அதைச் செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் போடுவார். "நான் காலையில குனிஞ்சா சாயந்தரந்தான் நிமிர்றேன். என்னைய யாரு படம் புடிக்கிறா?"

"அவரையும் யாரும் பாக்கிறதில்ல."

"நீங்க பாக்கிறீங்கள்ல. அது போதும் அவருக்கு."

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷ நடுவில், நாங்கள் நிரப்பி அனுப்பிய துண்டுகளில் ஒரு மூட்டை அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தது. எங்கள் கிளையின் வானிலைக் கட்டம் முழுக்கப் பிழையாம். மூடுபனி கவிந்த ஆட்டங்களுக்கெல்லாம் நாங்கள் பத்துப் பேரும், ஒருவரை ஒருவர் கேட்காமலே, 'தெளிவு' என்று போட்டிருந்தோம்.

மேற்பார்வையாளர் என் வயதில் பாதியுள்ள பெண். என்னைத் திரைக்கு முன் உட்கார வைத்தாள்.

"அங்கிள், இது தெளிவா?"

"அந்தக் கோடியில கம்பம் தெரியுதே மிஸ்."

"மங்கலாத் தெரியுது."

"தெரியுதுல்ல?"

பின்னாலிருந்த பெண்பிள்ளை ஒருத்தி சொன்னாள், "அங்கிளுக்கு கைக்கு முன்னாடி கொழுந்து தெரியலன்னாத்தான் பனி, மிஸ்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் 'தெளிவு' போட்டவள்தான். எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு தெரிந்தால் எங்கள் ஊரில் அது வெயில் நாள்.

திரும்பி வந்த மூட்டைக்குள் ஒரு துண்டு எனக்காகக் காத்திருந்தது. நாற்பத்தேழு துடைக்கிறார், குனிகிறார், எறிகிறார். பந்து உதைப்பவரின் தலைக்கு மேலே பறந்து வெள்ளைக்குள் காணாமல் போகிறது. எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடி ஆட்டத்தை ஜெயிக்கிறது. கீழே என் கைவண்ணம். வானிலை: தெளிவு. பிழை: நாற்பத்தேழு.

இப்போது மறுபடி பார்த்தேன். குனிந்து தலைகீழாகப் பார்க்கிறவருக்கு உதைப்பவரின் கைகள்தான் குறி. அந்தக் கைகள் பனிக்குள் இருந்தன. பனியில் நடந்த தவறை யார்மேலும் போடக்கூடாது என்று எங்கள் விதிப்புத்தகமே சொல்கிறது.

"இந்தப் பிழைக் கணக்கு எங்க போகும் மிஸ்?"

"சீசன் முடிய டீமுக்குப் போகும். அத வச்சுத்தான் ஆளை அடுத்த வருஷம் வச்சுக்கிறதா, அனுப்புறதான்னு பாப்பாங்களாம்."

வானிலைக் கட்டத்தை அவள் மொத்தமாகத் திருத்திவிடுவாள். பிழைக் கட்டத்தை மாற்ற வேண்டுமானால் போட்டவரே மாற்ற வேண்டும், மாற்றினால் அவர் பெயரில் ஒரு கரும்புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்தால் ஒரு மாதம் பயிற்சி, சம்பளம் கிடையாது. என்னிடம் ஏற்கனவே இரண்டு இருந்தன. ஒன்று, நடுவரை ஆட்டக்காரர் என்று எழுதியதற்கு. மற்றது, நடுவர் நன்றாக ஓடினார் என்று எழுதியதற்கு.

வீட்டில் சொன்னேன்.

"அந்த ஆளு உங்களுக்கு மாமனா, மச்சானா?"

"ஒண்ணுமில்ல. பிழை என்னோடது."

அவள் இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். "போன மாசம் மழையில கொழுந்து கொறஞ்சதுக்கு அரைப்பேரு போட்டாங்க. மழைன்னு ஒருத்தரு எழுதியிருந்தாப் போதும்." பருப்பு டின்னைத் திறந்து பார்த்தாள். பிறகு, "போய் மாத்துங்க. ஒரு மாசம் பருப்பு தின்னா செத்துட மாட்டோம். ஆனா அந்த ஒரு மாசமும் கவிதை கிவிதைன்னு வாயத் தொறக்கக் கூடாது."

மாற்றினேன். பிழை: யாருமில்லை.

பயிற்சியின் முதல் பாடம், பனி என்றால் என்ன. எங்கோ ஒரு வெப்பமான ஊரில் செய்த நான்கு படங்களைத் திரையில் காட்டினார்கள். ஒன்றைத் தவிர மூன்றும் எனக்கு நல்ல வெயிலாகவே தெரிந்தன. பாடம் நடந்துகொண்டிருந்தபோது பயிற்றுநரின் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் ஹட்டன் பஜார் மெல்ல மெல்ல அழிந்துகொண்டிருந்தது. முதலில் கோயில் கோபுரம், அப்புறம் பஸ் ஸ்டாண்ட், கடைசியில் எதிர்க்கடைப் பலகை. அது பாடத்தில் இல்லை. பரீட்சையில் மயிரிழையில் தேறினேன்.

அடுத்த சீசன் வந்தது. நாற்பத்தேழு இறங்கினார். துடைக்கவில்லை. கொஞ்சம் உயரம் வேறு. யாரோ ஒரு இளைஞர் அந்தச் சட்டைக்குள் இருந்தார்.

"நாம திருத்தினத அவங்க பாக்கலையா மிஸ்?"

"பாத்தாங்களோ என்னமோ அங்கிள். நமக்கு எழுதவா போறாங்க?"

மூன்று வாரம் கட்டங்களை நிரப்பினேன், எதுவும் பார்க்காமல். நாலாம் வாரம் வேறொரு அணி, வேறு நிறம். அறுபத்திரண்டாம் எண் குனியப் போனார். வலது உள்ளங்கை இடது காலுறைக்குப் போயிற்று. ஒன்று. இரண்டு. மூன்று. பந்து கோடு கிழித்தாற்போல் போயிற்று, கேமரா உதைப்பவரிடம் ஓடிற்று. நான் மட்டும் அந்தத் துண்டைப் பின்னால் இழுத்து இழுத்து ஆறு தடவை பார்த்தேன். என் திருத்தம் அவரைக் காப்பாற்றியதா, அல்லது அவரே வேறு வாசலில் போய் நின்றாரா, எனக்குத் தெரியாது. பிழை: யாருமில்லை. வானிலை: தெளிவு. இந்தத் தடவை மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் போட்டேன்.

மாலையில் மனைவி நனைந்துபோய் வந்தாள். அறுபத்திரண்டைப் பற்றிச் சொன்னேன்.

"உங்க ஆளு கெடச்சிட்டாரா? முழுப்பேரா?"

"முழுப்பேருதான்."

"எட்டுத் தடவைக்கு!" அடுப்பங்கரைக்குப் போய்க்கொண்டே சொன்னாள், "எனக்கு இன்னைக்கு அரைப்பேரு. மலையில பனி. கைக்கு முன்னாடி கொழுந்து தெரியல."

"கண்டாக்கு வானிலைக் கட்டத்துல என்ன போட்டாரு?" பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

அவள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேரு போடுற செக்ரோல்ல அப்பிடி ஒரு கட்டம் எங்கங்க இருக்கு?"