வெர்லா பாடம் பண்ண மறுத்த மான்

வெர்லா ஹுஷ்காவிடம் நான் முதலில் வாங்கியது வசவுதான். விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில், வேட்டையாடிய மிருகங்களின் தலையைப் பதப்படுத்தி, உயிரோடு இருப்பது போலச் சுவரில் மாட்டப் பாடம் பண்ணித் தரும் கடை அவளுடையது. வனத்துறையில் எனக்கு வேலை. மான்களுக்குள் பரவும் நோயைக் கண்டுபிடிக்க, கடைக்கு வரும் தலைகளின் தொண்டையிலிருந்து சுரப்பியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். என் அப்பா அடுத்தவன் பண்ணையில் மாடு கறந்தவர். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதை எங்கும் தாழ்ந்த குரலில் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை.

அன்று கடைக்குள் நுழைந்து கத்தியை எடுத்தேன்.

"ஏய் காலேஜு! வெளித்தோல்ல கத்தி பட்டுச்சுன்னா உன் தோலை உரிச்சு இந்தச் சுவத்துல மாட்டிடுவேன்."

"உள்பக்கமாத்தான் எடுப்பேன். தள்ளி நின்னு பாரு."

பார்த்தாள். ஒரு கீறல்கூட விழவில்லை. பாராட்டவில்லை, காபி ஊற்றிக் கொடுத்தாள். அது தார் மாதிரி இருந்தது.

காகித ஆலை மூடியதும் வேலை தேடித் தெற்கே போன அவள் புருஷன் அங்கேயே தங்கிவிட்டான். அவன் விட்டுப்போன மேசையில்தான் வெர்லா தொழிலைத் தொடங்கினாள். கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கும். அதிகமாக எரிந்து விழுவது மானின் தொண்டையை அறுத்துக்கொண்டு வருகிறவர்கள் மேல். சுட்ட மானின் தொண்டையை அறுத்து ரத்தம் வடிக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் பரம்பரையாக விடாத மூடத்தனம். முன்கழுத்தில் அறுத்தால் தோல் கெட்டது, அவ்வளவுதான்.

"இதயம் நின்னுபோன உடம்பு ரத்தம் விடாதுடா, மரமண்டை! எத்தனை வருஷமாக் கத்துறேன்!" என்று வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டுவாள்.

துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்கும் சனிக்கிழமை. காலையில் ட்ரூடி நோவாக் வந்தாள். பள்ளிக்கூடத்துச் சமையற்காரி, வில்லில் வேட்டையாடுகிறவள். ஒரே மானை மூன்று இலையுதிர்காலமாகக் கண்ணில் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதன்மேல் அம்பு விட்டாள். பனியில் சிந்திய ரத்தத்தைத் தொடர்ந்து போனால், அது டெல்மர் ராட்கேயின் வேலியைத் தாண்டிப் போயிருந்தது. அனுமதியில்லாமல் அடுத்தவன் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. காலையில் அவன் வாசலில் போய்க் கேட்டிருக்கிறாள்.

"என் நிலத்துல ஒரு சொட்டு ரத்தமும் இல்ல, போ போன்னு கதவைச் சாத்திட்டான் வெர்லா," என்றாள். அழவில்லை.

எங்கள் பக்கம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சாகும் அடியை முதலில் அடித்தவருக்கே மான். வேலி நடுவில் வந்தாலும் அதுதான்.

ட்ரூடி வீட்டுக்குப் போன கொஞ்ச நேரத்தில் டெல்மரின் வண்டி வந்து நின்றது. நாற்சந்தியில் இருக்கும் மதுக்கடை அவனுடையது. வெர்லாவின் கடை இருந்த கட்டடமும் அவனுடையது. கடையில் ஆரஞ்சுச் சட்டை போட்ட வேட்டைக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். நாலு பேர் சேர்ந்து முழு மானையும் மேசையில் இறக்கினார்கள். பத்துக் கிளைக் கொம்பு.

"இன்னைக்கு விடியறப்போ. ஒரே குண்டு!" என்றான் டெல்மர். பாடம் பண்ணும் தோரணைகளைக் காட்டும் படப் புத்தகத்தைப் புரட்டி, காதைப் பின்னால் மடக்கிச் சண்டைக்குப் பாயும் தலையில் விரலை வைத்தான். "இது மாதிரி பண்ணு. மதுக்கடைக் கதவுக்கு நேர் எதிர்ல மாட்டுவேன். உள்ள வர்றவன் மிரளணும்."

வெர்லா மானின் காலைத் தூக்கினாள். மரக்கட்டையாக விறைத்திருந்தது. கண் மங்கிச் சாம்பல் பூத்திருந்தது. முதுகோடு கீறித் தோலைப் புரட்டினாள். குண்டு போன ஓட்டை காகிதத்தில் குத்தினது போலச் சுத்தமாக இருந்தது; சுற்றிலும் துளி ரத்தக்கட்டு இல்லை. முன்னந்தோளுக்குப் பின்னால் மூன்று விளிம்புள்ள இன்னொரு வெட்டு. அதைச் சுற்றிச் சதை முழுக்கக் கறுத்து உறைந்திருந்தது.

"காலேஜு, இங்க வா. என்ன தெரியுதோ அதை எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

சொன்னேன். "இதைக் கொன்னது அம்பு. ராத்திரியே செத்திருக்கு. குண்டு பட்டப்போ இது உயிரோட இல்ல."

பின்னாலிருந்து ஒருத்தன் சிரித்தான். "டெல்மரு, எந்திரிச்சு ஓடிடுமோன்னு பயந்துட்டியா?"

"அது படுத்திருக்கும்போதே குறி தப்பாமச் சுட்டிருக்கானே, அதைச் சொல்லுங்கப்பா!"

டெல்மரின் முகம் சிவந்தது. அவன் சிரித்தவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"வெர்லா, பனி உருகினதும் உன் குத்தகை முடியுது. வாயை மூடிக்கிட்டுத் தலையைப் பாடம் பண்ணினா, கடை உனக்கு. இல்லேன்னா சாமானைக் கட்டு."

அவளுக்கு வேறு இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் கத்தியைத் துடைத்து மேசையில் வைத்தாள்.

"கட்டடம் உன்னுது. மான் ட்ரூடியோடது. செத்ததைச் சுட்டவனுக்கு நான் பாடம் பண்றதில்ல. போடா வெளிய."

நான் எங்கள் துறை அதிகாரியைக் கூப்பிட்டேன். தான் கொல்லாத மானுக்குத் தன் வேட்டைச் சீட்டை மாட்டியதற்காக டெல்மருக்கு அபராதம் போட்டார்கள். நண்பர்களுக்கு ஒரு சுற்று பீர் ஊற்றுகிற அலட்சியத்தோடு கட்டினான். மான் ட்ரூடிக்குக் கிடைத்தது.

எந்தத் தோரணையில் வேண்டும் என்று வெர்லா கேட்டபோது, ட்ரூடி புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "சண்டை மூஞ்சி வேணாம். அன்னைக்கு ஒரு அணில் சருகுல ஓடுச்சு. மான் காதை முன்னால நீட்டி, இடப்பக்கமாத் திரும்பிப் பார்த்துச்சு. அப்படியே வேணும்." வெர்லா அப்படியேதான் செய்து கொடுத்தாள். அந்தக் கடையில் அவள் முடித்த கடைசித் தலைகளில் அதுவும் ஒன்று.

குத்தகை முடிந்தது. அன்று கேலி பேசிச் சிரித்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேரிலும் ஒருவன்கூட டெல்மரிடம் போய் "இது அநியாயம்" என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஆனால் அவன் கடையில்தான் வறுத்த மீனும் பீருமாக உட்கார்ந்திருந்தார்கள். சகதியில் வெர்லா சாமான் ஏற்றிய வாரத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். ஏற்றியது அவளும் ட்ரூடியும் நானும். இவர்கள் நாக்கு மானை ருசி பார்க்க மட்டும்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்தக் கடை வாசலை நான் இன்றுவரை மிதிக்கவில்லை.

வெர்லா இப்போது பக்கத்து ஊரில், தங்கையின் டிராக்டர் கொட்டகையில் பாடம் பண்ணுகிறாள். தண்ணீரை வீட்டிலிருந்து வாளியில் சுமக்க வேண்டும். பழைய கடையில் டெல்மர் பீர்ப் பீப்பாய்களை அடுக்கி வைத்திருக்கிறான்.